மணி விழுந்த ஆறு: ஒரு நாவலோடு மல்லுக்கட்டும் நாட்குறிப்பு

ஜூன் 8, சனி

கரண்ட் காலை ஒன்பதுக்கு வந்து ஒரு மணிக்குப் போனது. அதற்குள் தண்ணீர் ஏற்றி, துணி துவைத்து, போன், லேப்டாப், டார்ச் எல்லாவற்றுக்கும் சார்ஜ் போட்டு, மிச்சமிருந்த அரை மணியில் ஒன்பதாம் அத்தியாயத்தைத் திறந்தேன். திறந்ததோடு சரி.

இதற்கு முந்தைய பக்கங்களைப் படிக்காதவர்களுக்கு: எழுதிக்கொண்டிருப்பது மாயமும் சூதும் கலந்த ஒரு இருட்டு நாவல். இடம் சிரியம், அதாவது நாங்கள் இருக்கும் ரங்கூனிலிருந்து ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் இன்றைய தன்லின். காலம் 1608. பிலிப்பே தெ பிரித்தோ என்ற போர்ச்சுகீசியன் அரக்கான் ராஜாவின் ஆளாக அங்கே சுங்கச்சாவடியில் கால் ஊன்றி, கோட்டை கட்டி, கடைசியில் அந்த ராஜாவையே கழற்றிவிட்டவன். நான் பார்ப்பதும் ஸ்ட்ராண்ட் ரோடு பக்கம் சரக்கு கிளியரிங் வேலைதான், அதனால் சுங்கச்சாவடியில் உட்கார்ந்தவன் துறைமுகத்தையே எப்படி மடியில் கட்டிக்கொள்கிறான் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கதாநாயகன் அவனிடம் வேலை செய்யும் துபாஷி, அதாவது மொழிபெயர்த்துச் சொல்பவன், நாகப்பட்டினத்துக்காரன். பெயர் இன்னும் வைக்கவில்லை. எதை வைத்தாலும் டிவி சீரியல் ஹீரோ மாதிரி இருக்கிறது.

சிக்கல் மந்திரவாதியில். கையில் பாதரச உருண்டை வைத்திருக்கும் ஒரு சோஜி, பர்மாக் கதைகளில் வரும் ரசவாதி. பறக்கிறான், மறைகிறான், சுவருக்குள் புகுந்து வெளியே வருகிறான். எட்டு அத்தியாயத்தையும் படித்த மச்சான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்: "பறக்கத் தெரிஞ்சவன் எதுக்கு மாப்ள சுங்கக்காரனுக்கு லஞ்சம் குடுக்கிறான்?"

ஜூன் 11, செவ்வாய்

மச்சான் கேள்வி மூன்று நாளாக மண்டைக்குள் கிடக்கிறது. மாயம் சும்மா கிடைத்தால் சூதுக்கு அங்கே வேலையில்லை. திட்டம் போடுவதும் காட்டிக்கொடுப்பதும் பறக்கத் தெரியாதவன் பாடு.

ராத்திரி மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அப்பத்தாவிடம் பாதரச உருண்டை பற்றிக் கேட்டேன். பர்மாக்காரர்கள் தாத்லோன் என்பதும் நம் சித்தர்களின் ரசமணியும் ஒன்றா என்று. "ரெண்டும் ஒண்ணுதான்டா. ஓடுற ரசத்தைக் கட்டணும். கட்டுறதுக்குள்ள கட்டுறவன் ஆயுசு தீந்துரும்" என்று சொல்லிவிட்டு விசிறிக்கொண்டே தூங்கிப்போய்விட்டாள். கட்டுவதற்குள் ஆயுசு தீர்ந்துவிடும். நான் எட்டு அத்தியாயம் எழுதியும் பிடிபடாத விஷயம்.

பறக்கும் காட்சி நான்கையும் வெட்டினேன். நாவல் முப்பது பக்கம் இளைத்துவிட்டது. வலித்தது.

ஜூன் 16, ஞாயிறு

மழை கொஞ்சம் விட்டதால் மச்சான் காரில் தன்லின் போனோம். 1993ல் திறந்த பாலம், நடுவில் ரயில், இரண்டு ஓரத்திலும் கார். பாலத்தில் போகும்போது கீழே பகோ ஆறு டீக்கடைப் பால் டீ நிறத்தில் ஓடுகிறது.

பழைய சிரியத்தில் மிச்சம் என்று பார்க்க அதிகமில்லை. 1756ல் பர்மா ராஜா அலாங்பயா அந்த ஊரை அழித்தபிறகு துறைமுகம் இந்தக் கரைக்கு வந்துவிட்டது. ரங்கூன் பெருத்தது, சிரியம் கிராமமாகிவிட்டது. செங்கல் சர்ச் ஒன்று கூரையில்லாமல் நிற்கிறது, அதுவும் தெ பிரித்தோவுக்கு நூறு வருஷத்துக்கும் மேல் பிந்திக் கட்டியது. சுவர் இடுக்கில் மரம் வேர் விட்டிருக்கிறது. நான் குடையைப் பிடித்துக்கொண்டு நோட்டில் எழுத, மச்சான் அத்தோ கடை தேடிப் போய்விட்டான். திரும்பும் வழியில் பீலிக்கான் முனீஸ்வரருக்கு ஒரு சூடம் ஏற்றினோம். அந்தப் பக்கம் போய்விட்டு அவரைப் பார்க்காமல் வந்தது தெரிந்தால் அப்பத்தா வீட்டுக்குள் விடமாட்டாள்.

உண்மையில் நான் பார்க்கப் போனது ஆற்றைத்தான். பகோ ஆறும் பசுண்டாங் ஓடையும் ரங்கூன் ஆறும் கூடும் இடம், மங்கி பாயிண்ட் பக்கம். தம்மசேதி ராஜா 1484ல் வார்த்து ரங்கூனின் ஷ்வேடகோன் புத்தர் கோவிலுக்குக் கொடுத்த பெரிய மணி அங்கேதான் அடியில் கிடக்கிறது என்கிறார்கள். எடை ஏறக்குறைய 300 டன். 1583ல் வந்த காஸ்பரோ பால்பி என்ற வெனிஸ் நகை வியாபாரி, மணியின் மேலிருந்து கீழ்வரை எழுத்து வெட்டியிருக்கிறது, அதை யாராலும் படிக்க முடியவில்லை என்று எழுதிவைத்திருக்கிறார். 1608ல் தெ பிரித்தோ அதைக் கோவிலிலிருந்து இறக்கி, யானைகளை விட்டு இழுத்து, தெப்பத்தில் ஏற்றினான். உருக்கிப் பீரங்கி செய்ய. கூடுதுறைக்கு வரும்போது தெப்பம் உடைந்து, இழுத்துப்போன கப்பலையும் கூட்டிக்கொண்டு மணி கீழே போனது. எத்தனையோ பேர் முங்கித் தேடியாயிற்று, இன்றுவரை கிடைக்கவில்லை. இத்தனைக்கும் 1825ல் வெள்ளைக்காரன் எடுத்துப்போகப் பார்த்த 23 டன் மணியும் இதே மாதிரி ஆற்றில் விழுந்தது, அதைப் பர்மாக்காரர்கள் மூங்கில் கட்டி மிதக்கவிட்டு எடுத்துவிட்டார்கள். இது மட்டும் வரவில்லை.

படிக்க முடியாத எழுத்து. பக்கத்தில் பல பாஷை தெரிந்த ஒரு துபாஷி. இதைக் கையில் வைத்துக்கொண்டா நான் சுவருக்குள் ஆளை அனுப்பிக்கொண்டிருந்தேன்!

ஜூன் 17, திங்கள்

ஒரு வரிகூட இல்லை. ஆபீஸில் ஒரு கன்டெய்னர் பேப்பர் தவறிப்போய், நாள் முழுக்க ஒவ்வொரு மேசையாக ஏறி இறங்கினேன்.

ஜூன் 25, செவ்வாய்

எங்கள் வீட்டுத் தூணில் சிவப்புத் துணி சுற்றிய தேங்காய் ஒன்று தொங்கும். பர்மா வீடுகளில் சாதாரணம், தமிழ் வீட்டில் ஏன் என்று நான் கேட்டதேயில்லை. இன்று அப்பத்தா பழசைக் கழற்றிப் புதுசு கட்டும்போது ஸ்டூலைப் பிடிக்கச் சொன்னாள். பிடித்துக்கொண்டே கேட்டேன்.

அது மின் மஹாகிரிக்கு. கொல்லர். அவர் பலத்தைப் பார்த்து ராஜாவுக்கே பயம் வந்துவிட்டது. தங்கச்சியை ராணியாக்கிக்கொண்டு, மச்சான் உறவு சொல்லி வரவழைத்து, செண்பக மரத்தில் கட்டி எரித்தான். தங்கச்சியும் அதே தீயில் விழுந்தாள். இரண்டு பேரும் நாட், அதாவது பர்மாக்காரர்கள் கும்பிடும் ஆவித் தெய்வம், ஆகிவிட்டார்கள், பிறகு பாகன் ராஜா ஒருவர் கோவில் எடுத்துக் கும்பிட்டார். தீக்காயத்துக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்றுதான் இளநீர் வற்றாத தேங்காய். "நம்ம மதுரை வீரனை மாறுகால் மாறுகை வாங்குனவன்தானே அப்புறம் கோவில் கட்டுனான்? சாமி எல்லா ஊர்லயும் இப்படித்தான்டா ஆவுது" என்றாள் அப்பத்தா, ஸ்டூல் மேல் நின்றபடியே, ஏதோ வெங்காய விலை சொல்வது போல.

நாவலின் மாயத்துக்கு எனக்குச் சட்டம் கிடைத்துவிட்டது. சிரியத்தில் மந்திரம் என்று தனியாக எதுவும் கிடையாது. அநியாயமாகச் செத்தவனுக்குத்தான் சக்தி. யாருக்குச் சக்தி வேண்டுமோ அவன் ஒருவனை அநியாயமாகக் கொல்ல வேண்டும், கொன்றபிறகு காலமெல்லாம் அவனுக்குப் படையல் போட வேண்டும். கோட்டை வாசலில் ஆளை உயிரோடு புதைத்துக் காவலுக்கு வைப்பார்கள் என்று இங்கே பழைய பேச்சு உண்டு, மியோசடே என்பார்கள். அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். சோஜி இப்போது பறப்பதில்லை. யாரைப் புதைத்தால் சக்தி நிற்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் கிழவன், அவ்வளவுதான். பத்து மடங்கு பயமாக இருக்கிறான்.

ஜூலை 4, வியாழன்

ஒன்பது, பத்து, பதினொன்று, மூன்றையும் புதிதாக எழுதியாயிற்று. மணி மூழ்கியதும் தெ பிரித்தோ அரண்டுபோகிறான். கோட்டைக்குக் காவல் வேண்டும், நான்கு வாசலுக்கு நான்கு பேர். (உண்மையில் எந்தக் காவலும் அவனைக் காப்பாற்றவில்லை. 1613ல் பர்மா ராஜா அனௌக்பெட்லுன் கோட்டையைப் பிடித்து அவனைக் கழுவேற்றினார்.) சோஜி பட்டியல் தயாரிக்கிறான். அதைச் சந்தையில் மூன்று பாஷையில் உரக்கப் படிக்க வேண்டியவன் துபாஷி. மூன்று பெயர் படித்துவிட்டான். நான்காவது அவன் பெயர்.

மாற்றிப் படிக்கலாம். அந்தக் கூட்டத்தில் மூன்று பாஷையும் தெரிந்தவன் அவன் ஒருவன்தான், வேறு எந்தப் பெயரைச் சொன்னாலும் செல்லும். ஆனால் சட்டப்படி பார்த்தால், அப்படி மாற்றிச் சொன்னதால் சாகிறவனுக்குத்தான் எல்லோரையும்விட அநியாயம் அதிகம், சக்தியும் அதிகம், அந்தச் சக்திக்குக் கோபம் வரவேண்டிய ஆளும் இவன்தான். மச்சான் இதைப் படித்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. டீயை ஆறவிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான்.

ஒன்று மட்டும் பாக்கி. பட்டியலில் பெயர் வந்தே ஆகவேண்டும், இனிமேல் துபாஷி என்று ஓட்ட முடியாது. அப்பத்தாவிடம் பழைய ஆள் பெயராக நாலைந்து சொல்லச் சொன்னேன். எதற்கு என்று கேட்டாள், கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் தேங்காயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம வம்சத்துப் பேரு ஒண்ணும் வேணாம்டா. உங்க தாத்தா பேரையும் வச்சிராத."

அவள் சொல்லாமல் விட்ட பெயர்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு யோசித்துக்கொண்டிருக்கிறேன். லேப்டாப்பில் பதினோரு சதவீதம் இருக்கிறது, கரண்ட் ஐந்து மணிக்கு வரவேண்டும்.