ஜீப்புக்கு முந்திய மாத்திரை

தேனி மாவட்டம் கூடலூரில் ஒரு மெடிக்கலில் மருந்தாளுநராக இருக்கிறேன். விடியுமுன்பே பெண்களை ஏற்றிக்கொண்டு குமுளி மலையேறி, கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்புகள் கிளம்பும் ஊர் இது. எலும்பு அடர்த்தி குறைந்துபோய், வாரம் ஒன்று போடும் அலென்ட்ரோனேட் 70 மி.கி. சீட்டோடு வருகிறவர்களில் பலர் இந்தப் பெண்கள்தான்.

இந்த மாத்திரையை எழுந்ததும் வெறும் வயிற்றில், ஒரு தம்ளர் நிறையத் தண்ணீரில் விழுங்க வேண்டும். பிறகு அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல், படுக்காமல், நிமிர்ந்தே இருக்க வேண்டும். ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து, முன்சீட்டில் தலைசாய்த்துத் தூங்கிப்போகிறவருக்கு இது எப்படி முடியும்? மாத்திரை உணவுக்குழாயில் தங்கினால் அந்த இடம் புண்ணாகிவிடும்.

"நெஞ்செல்லாம் எரியுது தம்பி, அதான் நிப்பாட்டிட்டேன்" என்று ஒரு அக்கா சொன்னார். எப்படிப் போடுகிறீர்கள் என்று கேட்டேன். "கடுங்காப்பில தான். பாலு சேக்கக் கூடாதுன்னாங்க, சேக்கலையே."

பால் மட்டுமல்ல, காப்பியும் ஆகாது. வெறும் தண்ணீரில் போட்டாலே இந்த மருந்தில் நூற்றில் ஒரு பங்குகூட உடம்பில் சேராது. காப்பியோடு போனால் அதிலும் பாதிக்கு மேல் வீண். நெஞ்செரிச்சலையும் பொறுத்துக்கொண்டு, பலனும் இல்லாமல் மாதக்கணக்கில் காசு கொடுப்பதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை. அவரை மருத்துவரிடம் திருப்பி அனுப்பினேன்; விழுங்கும்போது வலியோ அடைப்போ இருந்தால் அடுத்த மாத்திரை போடும் முன் காட்டியே ஆகவேண்டும்.

அதனால் மாத்திரையைக் கையில் கொடுக்கும் முன், "மலைக்குப் போகாத நாள் எது?" என்று கேட்டுவிடுகிறேன். பெரும்பாலும் ஞாயிறு. அட்டையிலேயே 'ஞாயிறு காலை' என்று எழுதித் தருகிறேன். ஒரு வாரம் விட்டுப்போனால், நினைவு வந்த நாளுக்கு மறுநாள் காலை ஒன்று போடலாம், ஒரே நாளில் இரண்டு கூடாது. கேழ்வரகுக் கூழும் கால்சியம் மாத்திரையும் அரை மணிக்குப் பிறகுதான். கால்சியத்தை மதியச் சாப்பாட்டோடு வைத்துக்கொண்டால் குழப்பமே இல்லை.

பல் பிடுங்கப் போனால் இந்த மருந்து சாப்பிடுவதைப் பல் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லச் சொல்கிறேன். தாடை எலும்பு பாதிக்கப்படுவது அபூர்வம், ஆனாலும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தொடையிலோ இடுப்பு மடிப்பிலோ புதிதாக வலி வந்தால், சுமை தூக்கிய வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டு இருக்கக் கூடாது. பல வருடம் சாப்பிட்ட சிலருக்குத் தொடை எலும்பு முறியும் முன் அப்படித்தான் வலிக்கும்.

மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களில் சிலருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை டெனோசுமாப் ஊசி எழுதுகிறார்கள். வயிற்றுக்குத் தொந்தரவில்லை என்பதால் அவர்களுக்குப் பிடித்துவிடுகிறது. என் கவலையெல்லாம் தவணையில்தான். இந்த ஊசியை நடுவில் விட்டால் எலும்பு வேகமாகக் கரைந்து, முதுகெலும்பில் முறிவு வரலாம். காய் எடுக்கும் காலத்தில் தோட்டத்திலேயே தங்கிவிடுகிறவர்களுக்குத் தேதி நினைவிருக்காது. மகனோ மகளோ யாருடைய நம்பரையாவது வாங்கிவைத்து, முந்தைய வாரமே கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறேன்.