ஈய அங்கியும் முதுகெலும்பும்

தெலுக் இந்தான்
4 மார்ச் 2025, செவ்வாய்

செம்பனைத் தோட்டத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது விழுந்து தொடை எலும்பு முறிந்த ஒருவருக்கு இன்று எலும்பினுள் கம்பி பொருத்தினார்கள். சிகிச்சை நடக்கும்போதே எலும்பைத் திரையில் காட்டும் சி-ஆர்ம் எக்ஸ்ரே கருவியை நான் இயக்கினேன். எக்ஸ்ரே கதிரைத் தடுக்க அணியும், 0.5 மில்லிமீட்டர் ஈயத்துக்கு ஈடான முழு அங்கியோடும் கழுத்துப் பட்டையோடும் நிற்கும்போது பாரம் முழுவதும் தோள்களிலேயே தொங்குகிறது. முதலில் பிடரி இறுகி, பிறகு தோள்பட்டைகளுக்கு நடுவே எரிச்சல் பரவி, கடைசியில் வலி இடுப்பில் வந்து தங்கிவிடுகிறது. அங்கியைக் கழற்றியபோது சீருடை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. தோளில் பட்டை அழுத்திய இடம் சிவந்து தடித்திருந்தது.

6 மார்ச், வியாழன்

நோயாளியின் உடலில் பட்டுச் சிதறும் கதிர்களே எங்களை வந்து சேர்கின்றன. தூரம் இரட்டிப்பானால் அவற்றின் அளவு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறையும் என்பதால், படம் எடுக்கும் நேரத்தில் நான் பின்வாங்கி நின்றுகொள்ளலாம். மருத்துவரும், அவருக்குக் கருவிகளை எடுத்துக்கொடுக்கும் தாதியும் மேசையை விட்டு நகர முடியாது. அந்தத் தாதி அக்கா மெலிந்த உடல்வாகு கொண்டவர். எங்களிடம் இருப்பவையோ பெரிய அளவு அங்கிகள். கைத்துளை அகன்று அக்குளோரம் இடைவெளி விழுவதால், அதிகப் பாரத்தைச் சுமந்தும் அவருக்குக் கிடைப்பது குறைந்த பாதுகாப்பு. இதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

மேற்சட்டை, பாவாடை என இரு துண்டுகளாக உள்ள அங்கி எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதில் பாவாடையின் எடையை இடுப்பெலும்பு தாங்கிக்கொள்கிறது; முன்புறத்தில் 0.25 மில்லிமீட்டர் மடிப்புகள் இரண்டு ஒன்றன்மேல் ஒன்று படிந்து 0.5 ஆகின்றன. “அதைப் போட்டா தோள் பாரம் பாதி இறங்குது தம்பி, ஆனா யாரு முன்னால வராங்களோ அவங்களுக்குத்தானே கிடைக்குது,” என்றார் அக்கா.

10 மார்ச், திங்கள்

மார்பில் குத்தியிருக்கும் கதிர் அளவியை மாதந்தோறும் அனுப்பிக் கணக்குப் பார்க்கிறார்கள். பன்னாட்டுக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் 2011இல் பணியாளர்களின் கண்வில்லை ஓர் ஆண்டில் ஏற்கக்கூடிய கதிர் அளவின் வரம்பை 150 மில்லிசீவர்ட்டிலிருந்து (கதிர் அளவைக் குறிக்கும் அலகு), ஐந்தாண்டுச் சராசரியாக 20க்குக் குறைக்கப் பரிந்துரைத்தது. கதிருக்கு இத்தனை கவனம் இருப்பது நியாயமே. அதே அக்கறை, அந்தக் கதிரைத் தடுப்பதற்காக நாங்கள் சுமக்கும் எடையின் மீதும் விழ வேண்டும். முதுகுத் தட்டு நகர்ந்த பிறகு விடுப்பு கொடுப்பது மட்டும் போதாது.

அடுத்த கொள்முதலில் ஒவ்வொருவரின் உடலையும் அளந்து இரு துண்டு அங்கிகள் வாங்க வேண்டும் என்றும், நீண்ட சிகிச்சைகளில் ஆள் மாற்றி நிற்க வகைசெய்ய வேண்டும் என்றும் துறைத் தலைவருக்கு இன்று எழுதிக் கொடுத்தேன். தாதி அக்காவும் அதில் கையெழுத்திட்டார்.