லில்லிபாண்டில் வள்ளி கும்மி: பாட்டு வரி நழுவிய கதை

மூன்று மாலைகளாக என்னை அலைக்கழித்த பாட்டு வரி நேற்று இரவுதான் சுரங்களுக்கு அடியில் ஒழுங்காக உட்கார்ந்தது. கோபிச்செட்டிபாளையத்தில் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) பாடக் கேட்டுக் கைப்பேசியில் பதிந்துவைத்திருந்த வள்ளி கும்மி மெட்டு ஒன்றை, கீபோர்டு பழகும் பிள்ளைகள் பார்த்து வாசிப்பதற்காக 6/8 தாளத்தில், லில்லிபாண்டில் எழுதி வருகிறேன். சுரங்களையும் பாட்டு வரியையும் ஒரு கோப்பில் தட்டச்சு செய்து கொடுத்தால் மேற்கத்திய இசைக்குறிப்புத் தாளாக வரைந்து தரும் மென்பொருள் அது. சுரங்கள் ஒரே மாலையில் முடிந்துவிட்டன.

அம்மிச்சி "வள்ளி" என்னும்போது "ளி"யை நான்கு சுரங்களுக்கு இழுப்பார். அந்த நான்கையும் ஸ்லருக்கான (சுரங்களைச் சேர்த்துக் கட்டும் வளைகோட்டுக்கான) அடைப்புக்குறிகளுக்குள் இட்டால்தான் அடுத்த அசை காத்திருக்கும். இரண்டாம் அடியில் அந்தக் குறிகள் இரண்டையுமே விட்டுவிட்டேன். ஒன்றை மட்டும் விட்டிருந்தால் எச்சரிக்கையாவது வந்திருக்கும். இரண்டும் இல்லாததால் லில்லிபாண்ட் வாய் திறக்கவில்லை. அதன்பின் வந்த அசைகள் எல்லாம் மூன்று சுரம் முன்னே நகர்ந்து, கடைசி மூன்று சுரங்கள் சொல்லின்றி மொட்டையாக நின்றன. நானோ எழுத்துருவின் மேல் பழி போட்டு இரண்டு மாலைகளை வீணாக்கினேன்.

சுரங்களுக்கு இடையே ஒவ்வொரு பாரும் (தாளக் கணக்கில் ஒரு கட்டம்) சரியாக முடிகிறதா என்று சோதிக்க இடும் | குறியைப் பாட்டு வரியிலும் இடலாம் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. குறிக்கு அடுத்த அசை பாரின் தொடக்கத்தில் விழாவிட்டால், கோப்பின் எந்த வரியில் பிசகு என்று எச்சரிக்கையிலேயே தெரிந்துவிடுகிறது. ஆனால் ஓர் அசை பாரைத் தாண்டி இழுபடும் இடத்திலும், பார் மௌனத்தோடு தொடங்கும் இடத்திலும் வீணாகக் கத்தும். அங்கெல்லாம் குறியை எடுத்துவிட்டேன்.

எழுத்துருவையும் முழுதாக விட்டுவிட முடியாது. டிடிபி கடையில் யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் அடித்து வாங்கிய வரிகளை ஒட்டியபோது ஆங்கில எழுத்துக் குப்பைதான் வந்தது. யூனிகோடுக்கு மாற்றி, நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவைக் குறிப்பிட்ட பிறகே கொம்பும் காலும் இடத்தில் நின்றன.

ஈரோட்டில் 70 ஜிஎஸ்எம் மெல்லிய தாளில் எடுத்துப் பார்த்த நகலில் பின்பக்கக் கோடுகள் தெரிகின்றன. அடுத்த முறை கனமான 100 ஜிஎஸ்எம் கேட்க வேண்டும். ஒவ்வொரு சுரத்துக்கும் கீழே ச, ரி, க என்று இன்னொரு வரி சேர்க்கவும் ஆசை இருக்கிறது. அதற்கு முன், மூன்றாம் அடியில் அம்மிச்சி இருமியதால் பதிவில் விழாமல் போன சொல் எது என்று ஞாயிற்றுக்கிழமை நேரில் கேட்டு வர வேண்டும்.