இசைத்தட்டிலிருந்து ஃபிளாக் கோப்புக்கு: பத்து எல்பி முடிந்த நிலையில் சில குறிப்புகள்

எல்பி இசைத்தட்டுகளை (நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடும் வினைல் தட்டுகள்) ஒலித்தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் கோப்புகளாகக் கணினியில் பதியும் வேலையில் பத்து எல்பி, இருபது பக்கம் முடிந்திருக்கிறது. பெல்ட்டில் ஓடும் டர்ன்டேபிள், முள்ளின் அசைவை மின்சாரமாக்கும் ஆடியோ-டெக்னிகா விஎம்95இ கார்ட்ரிட்ஜ், அதைப் பெருக்கும் தனி ஃபோனோ ப்ரீஆம்ப், ஒலியை எண்ணாக்கிக் கணினிக்குத் தரும் 24-பிட் யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ், பதியவும் திருத்தவும் ஆடாசிட்டி மென்பொருள். இருபது நிமிடப் பக்கம் ஒன்றுக்கு, கழுவுவதிலிருந்து கோப்புக்குப் பெயர் வைப்பது வரை, ஒன்றே கால் மணி நேரம் ஆகிறது. கணினி முன் உட்காரும் நேரம் எந்தப் பக்கத்துக்குக் குறைந்ததோ அந்தப் பக்கம்தான் கேட்க நன்றாக வந்திருக்கிறது.

கழுவாமல் பதியக் கூடாது

முதல் இரண்டு பக்கங்கள் பிரஷ்ஷால் தூசி மட்டும் தட்டிப் பதிந்தவை. அதே பக்கங்களைக் கழுவிவிட்டு மறுபடி பதிந்து இரண்டு அலைவடிவங்களையும் மேலும் கீழுமாக வைத்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிறது. பாட்டுக்கு நடுவில் முள்முள்ளாக நின்றவற்றில் பெரும்பாலானவை கீறல் இல்லை, அழுக்கு.

கலவை: காய்ச்சி வடித்த நீர் 800 மில்லி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் 200 மில்லி, நிறமும் மணமும் இல்லாத பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு. இரண்டே சொட்டுதான். கூடினால் அது பள்ளத்தில் படிந்து, காய்ந்த பிறகு முள்ளில் பிசினாக ஒட்டும். மெல்லிய தூரிகையால் பள்ளம் போகும் திசையிலேயே தேய்த்து, வெறும் காய்ச்சி வடித்த நீரால் இரண்டு முறை அலசி, நிறுத்திவைத்துக் காயவிட வேண்டும். குழாய்த் தண்ணீர் ஆகாது. அதிலுள்ள உப்பு பள்ளத்துக்குள்ளேயே தங்கிவிடும். நடு லேபிளில் ஈரம் படக் கூடாது.

78 சுற்றுப் பழைய தட்டுகளுக்கு இந்தக் கலவை வேண்டவே வேண்டாம். அவற்றில் இருப்பது அரக்கு, ஆல்கஹாலில் கரையும். அவற்றுக்கு முள்ளும் வேறு. எல்பிக்கான முள் அந்த அகலமான பள்ளத்தின் அடியில் போய் உரசி இரைச்சலைத்தான் எடுத்துத் தரும். சுமார் 75 மைக்ரான் ஆரமுள்ள முள் தேவை.

முள்ளின் எடை, கோணம்

விஎம்95இ கார்ட்ரிட்ஜுக்கு 1.8 முதல் 2.2 கிராம் வரை சொல்லப்பட்டிருக்கிறது. டோன்ஆர்மின் (முள்ளைத் தாங்கும் கை) எதிர் எடையில் உள்ள எண்ணை நம்பாமல் சின்ன டிஜிட்டல் தராசில், தட்டு இருக்கும் அதே உயரத்தில் வைத்துப் பார்த்தபோது 2.0 என்று காட்டியது உண்மையில் 1.7. ‘ச’, ‘ஸ’ வரும் இடமெல்லாம் கரகரத்ததற்குப் பாதிக் காரணம் அதுதான். எடை குறைந்தால் தட்டு தேயாது என்று நினைப்பது தவறு. பிடிப்பில்லாத முள் பள்ளத்தின் சுவரில் மோதி மோதித்தான் அதைக் கெடுக்கிறது.

மிச்சப் பாதி, கார்ட்ரிட்ஜ் பொருத்திய கோணத்தில். பேர்வால்ட் முறை அளவுத்தாளில் (கோணத்தைச் சரிபார்க்கக் கோடு போட்ட தாள்) மையத்திலிருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ. ஆகிய இரண்டு இடங்களிலும் கார்ட்ரிட்ஜின் பக்கவாட்டு கோடுகளுக்கு இணையாக நிற்க வேண்டும். கடைசிப் பாட்டு மட்டும் கரகரத்தால் முதலில் பார்க்க வேண்டியது இது. தட்டு ஒரே வேகத்தில் சுற்றினாலும் வெளி ஓரத்தில் முள்ளுக்கடியில் விநாடிக்குச் சுமார் 51 செ.மீ. பள்ளம் ஓடுகிறது, உள் ஓரத்தில் 21 செ.மீ.தான். அதே ஒலி அதில் பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி எழுதப்பட்டிருப்பதால், வெளியே மன்னிக்கப்படும் கோணப் பிழை உள்ளே மன்னிக்கப்படுவதில்லை.

கரகரப்பு வலது பக்கத்தில் மட்டும் என்றால் ஆன்டி-ஸ்கேட் (முள் உள்பக்கம் இழுபடுவதை ஈடுசெய்யும் விசை) போதவில்லை என்று பொருள். முள் உள் சுவரில் சாய்ந்து, வலது சேனல் எழுதப்பட்ட வெளிச்சுவரைச் சரியாகத் தொடாமல் போகிறது.

வயர் வேலை

கார்ட்ரிட்ஜ் தருவது நான்கு மில்லிவோல்ட் அளவுக்கான மின்சாரம். அதைப் பெருக்குவது மட்டும் ஃபோனோ ப்ரீஆம்பின் வேலை இல்லை. தட்டு வெட்டும்போது தாழ் ஒலியைக் குறைத்து, உச்ச ஒலியைக் கூட்டி எழுதுவார்கள். தாழ் ஒலியை அப்படியே எழுதினால் பள்ளம் அகலமாக ஆடி இடத்தைத் தின்றுவிடும். 1954-இல் அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கம் வகுத்த ஆர்ஐஏஏ வளைவின்படி ப்ரீஆம்ப் இதைத் திருப்பிச் செய்கிறது: 20 ஹெர்ட்ஸில் சுமார் 19 டெசிபல் ஏற்றம், 20 கிலோஹெர்ட்ஸில் ஏறக்குறைய அதே அளவு இறக்கம். ஆகவே ஒலி மெலிந்து தகரம் போலக் கேட்டால் ப்ரீஆம்ப் வழியில் இல்லை. குடத்துக்குள்ளிருந்து வருவது போலக் கும்மென்று இருந்தால் இரண்டு ப்ரீஆம்ப்: டர்ன்டேபிளுக்குள்ளேயே ஒன்று இருக்கிறது, பின்னால் உள்ள சுவிட்ச் ‘லைன்’ பக்கம் நிற்கிறது. தனி ப்ரீஆம்ப் போட்டால் அது ‘ஃபோனோ’வில் இருக்க வேண்டும்.

பலர் கவனிக்காத ஒன்று கெப்பாசிட்டன்ஸ் (மின்தேக்குத் திறன்). இந்தக் கார்ட்ரிட்ஜுக்கு 47 கிலோஓம் சுமையும் 100 முதல் 200 பிக்கோஃபாரட்டும் பொருந்தும். டோன்ஆர்ம் வயர், ஆர்சிஏ கேபிள், ப்ரீஆம்பின் உள்ளீடு மூன்றையும் கூட்டித்தான் இந்தக் கணக்கு. கேபிள் மீட்டருக்கே 100 பிக்கோஃபாரட் இருக்கலாம். கூடிப்போனால் உச்ச ஒலியில் ஒரு மேடு எழும்பி ‘ஸ’வெல்லாம் சீறும். டர்ன்டேபிளுக்கும் ப்ரீஆம்புக்கும் நடுவில் அரை மீட்டர் கேபிள் போதும். நீளம் தேவையென்றால் ப்ரீஆம்புக்கு அப்பால் வைத்துக்கொள்ளலாம்.

ஹம் வந்தால் டர்ன்டேபிளின் கிரவுண்ட் வயர் ப்ரீஆம்பின் திருகில் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கும் போகவில்லையென்றால் லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் பதியுங்கள். இங்கே கடைசிவரை படுத்திய ஹம் அதோடு போய்விட்டது. பதியும்போது ஸ்பீக்கர் அணைந்திருக்கட்டும், கேட்பது ஹெட்ஃபோனில். இல்லையேல் அறையின் அதிர்வை முள் வாங்கி, அதுவும் பதிவில் சேரும்.

லெவலும் சாம்பிள் ரேட்டும்

இன்டர்ஃபேஸில் லைன் உள்ளீடு, ‘இன்ஸ்ட்ருமென்ட்’ சுவிட்ச் அணைவு, 48 வோல்ட் ஃபேன்டம் (மைக்குக்கான மின்சாரம்) அணைவு. விண்டோஸ் என்றால் ஆடாசிட்டியில் ஹோஸ்ட் (ஒலியை வாங்கும் வழி) வாசாபி. சிஸ்டம் அமைப்பிலும் ஆடாசிட்டியில் உள்ள அதே சாம்பிள் ரேட் (விநாடிக்கு எத்தனை மாதிரி என்ற எண்). ‘ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்’ எதுவும் இருக்கக் கூடாது. தட்டின் மிக உரத்த இடத்தை ஓடவிட்டு, உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி வைத்தால் போதும். 24-பிட்டில் மீட்டரை உச்சிவரை துரத்த வேண்டிய அவசியமே இல்லை. தட்டின் சொந்த இரைச்சல் எப்படியும் அதைவிட வெகு மேலே நிற்கிறது.

மீட்டர் மைனஸ் 6 காட்டியும் அலையின் தலை கத்தியால் சீவியது போலத் தட்டையாக இருந்தது, ஒரு பக்கம் முழுக்க. வெட்டுப்பட்டது இன்டர்ஃபேஸுக்குள் அல்ல, அதற்கு முன்னால். ப்ரீஆம்பின் கெய்ன் (பெருக்கும் அளவு) அதிகம். அதைக் குறைத்துவிட்டு முதலிலிருந்து பதிவதைத் தவிர வேறு வழியில்லை.

பதிவது 96 கிலோஹெர்ட்ஸில். காதுக்கு 48 போதும் என்பதில் சண்டையில்லை; 96 கிளிக் சத்தத்துக்காக. வேகமாக மாதிரி எடுத்தால் கீறலின் முனை கூர்மையாகப் பதிந்து, இசையிலிருந்து பிரித்துக் காண எளிதாகிறது. இருபது நிமிடப் பக்கம் சுமார் 690 மெகாபைட். இதை ஒரு பிரதி தொடாமல் வைத்துவிட்டுத்தான் மேற்கொண்டு எதுவும்.

1.8 விநாடி

33⅓ சுற்றில் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. இந்த ஓர் எண் மூன்று இடத்தில் கைகொடுக்கிறது.

ஒன்று, வேகம். பாட்டெல்லாம் முடிந்த பிறகு முள் கடைசி வட்டத்தில் சுற்றிக்கொண்டே ‘டப்… டப்…’ என்று தட்டும். உடனே தூக்காமல் அதையும் பதிய வேண்டும். இருபது சுற்றுக்கு 36.00 விநாடி வர வேண்டும்; முதலில் வந்தது 36.18. அதாவது அரை சதவீதம் மெதுவாக ஓடுகிறது. புல்லியை ஆல்கஹாலில் துடைத்து பெல்ட்டை மாற்றியதும் சரியானது. அதற்கு முன் பதிந்தவற்றுக்கு ‘சேஞ்ச் ஸ்பீட்’டில் 0.5 கூட்டினால் முடிந்தது. கோடு போட்ட ஸ்ட்ரோபோஸ்கோப் தட்டிலும் பார்க்கலாம்: 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு 180 கோடு, 60 ஹெர்ட்ஸுக்கு 216. ஆனால் பல எல்இடி விளக்குகள் அந்தத் தாளத்தில் மினுக்குவதில்லை, கோடு நிற்காது.

இரண்டு, குறுக்குக் கீறல். ஒரு கிளிக்கைக் கண்டுபிடித்தால் அடுத்தது 1.8 விநாடி தள்ளி, 96 கிலோஹெர்ட்ஸில் 1,72,800 மாதிரி தாண்டி நிற்கும். கீறல் சாய்வாக இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக விலகும், அவ்வளவுதான்.

மூன்றாவது, முன்னெதிரொலி. சில தட்டுகளில் பாட்டு தொடங்குமுன் அதன் முதல் ஸ்வரம் மிக மெல்லியதாக ஒருமுறை கேட்கிறது. பதிவுக் கோளாறு இல்லை. அடுத்த பள்ளத்தின் ஆட்டம் இந்தப் பள்ளத்தின் சுவரில் பட்டிருக்கிறது. சரியாக 1.8 விநாடி முன்னால் இருக்கும். முதல் பாட்டாக இருந்தால் அந்த முன்னெதிரொலிக்குப் பின்னால் வெட்டிவிடலாம்.

துப்புரவு, குறைந்த அளவில்

வரிசை முக்கியம். முதலில் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டர், ஆக்டேவுக்கு 24 டெசிபல். நெளிந்த தட்டில் டோன்ஆர்ம் ஏறி இறங்கும் ஆட்டம் இதில் போகும். பிறகு கிளிக். சாம்பிள் ரேட்டை இறக்குவது கடைசியில். முன்னதாகச் செய்தால் கிளிக்கின் கூர்மை மழுங்கிவிடும்.

பெரிய கிளிக்குகளைக் கையால் தேர்ந்து ‘ரிப்பேர்’ கொடுப்பதே சுத்தம். அது ஒரு தடவைக்கு 128 மாதிரிகளைத்தான் ஏற்கும், இந்த ரேட்டில் 1.3 மில்லிவிநாடி. ‘கிளிக் ரிமூவல்’ தானாக ஓடும், ஆனால் தாளக்கருவியின் முதல் அடியையும் கிளிக் என்று எண்ணித் தின்னும். தின்றதா என்று அறிய ஒரு வழி: மூலத்தின் பிரதியை ‘இன்வர்ட்’ செய்து, திருத்தியதோடு கலந்து கேளுங்கள். நீக்கப்பட்டது மட்டும் கேட்கும். வெறும் பொட்டு பொட்டென்று இருந்தால் நல்லது. அதில் தாளம் பிடிக்க முடிந்தால் த்ரெஷோல்டை (கிளிக் என்று எண்ணும் வரம்பு) ஏற்றிவிட்டு மறுபடி.

‘நாய்ஸ் ரிடக்‌ஷன்’ பக்கம் போகவில்லை. இரைச்சலோடு சேர்ந்து ஸ்வரத்தின் வாலும் போய், மிச்சம் தண்ணீருக்கடியில் கேட்பது போல ஆகிறது. பாட்டுக்கு அடியில் மெல்லிய உரசல் இருந்தால் காது ஐந்து நிமிடத்தில் மறந்துவிடும். அந்தத் தண்ணீர்ச் சத்தத்தை மறக்காது.

மோனோ தட்டு என்றால் இரண்டு சேனலையும் கூட்டி ஒன்றாக்குங்கள். மோனோ இசை பள்ளத்தில் பக்கவாட்டு அசைவாக மட்டும் இருக்கிறது. மேலும் கீழுமான அசைவில் வந்த இரைச்சல் கூட்டும்போது ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். காசில்லாத துப்புரவு.

பாட்டுப் பிரிக்க, ஒவ்வொரு தொடக்கத்திலும் கண்ட்ரோல்-பி அடித்து லேபிள் இட்டு, லேபிள் வாரியாக ஏற்றுமதி. தொடக்கத்துக்கு அரை விநாடி முன்பிருந்து உரசலையும் விட்டு மெதுவாக ஃபேட்-இன் கொடுத்தால் இயல்பாக இருக்கும். நார்மலைஸ் (உச்சத்தை ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குக் கொண்டுவருவது) தேவையென்றால் பக்கம் முழுமைக்கும் ஒரே அளவில். பாட்டுப் பாட்டாகச் செய்தால் மெல்லிய பாட்டும் உரத்த பாட்டும் ஒரே உயரத்தில் வந்து நின்று தட்டின் போக்கே கெட்டுப்போகும். ஃபிளாக்கில் அழுத்த நிலை 5 ஆனாலும் 8 ஆனாலும் ஒலி ஒன்றுதான், மாறுவது கோப்பின் அளவு. நடுவில் பள்ளமில்லாத இடத்தில் பொறித்திருக்கும் மேட்ரிக்ஸ் எண்ணையும் கோப்பின் டேக்கில் (விவரக் குறிப்பில்) எழுதிவைக்கவும். ஒரே அட்டையில் வந்த இரண்டு அச்சுகளைப் பின்னால் பிரித்தறிய அது உதவும்.

பத்தில் ஒன்று சரிவரவில்லை. நடுத்துளை மையத்திலிருந்து அரை மி.மீ. விலகியிருக்கிறது, உள் ஓரத்தில் சுருதி 0.8 சதவீதம் மேலும் கீழும் போய், நீண்ட கார்வையெல்லாம் 1.8 விநாடிக்கொரு முறை அலைகிறது. மென்பொருளில் இதை நேராக்க முயன்றதில் ஒன்றும் தேறவில்லை. துளையை ஒரு பக்கம் மெல்ல அராவி, டோன்ஆர்ம் இடம் வலம் ஆடாமல் நிற்கும்வரை தட்டை விரலால் நகர்த்தி வைக்க வேண்டும். அராவுவதற்கு இன்னும் கை வரவில்லை. தட்டு உறைக்குள்தான் இருக்கிறது.