எதிர் அறை

மருத்துவமனையில் ஆலோசகராகச் சேர்ந்தபோது இரண்டாம் மாடியில் கடைசி அறையைக் கொடுத்தார்கள். கதவில் 'செவிலியர் மனநல ஆலோசனை' என்று பலகை. மூன்று வாரம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. நான்காவது வாரம் வந்த சிஸ்டரும் பிரிண்டருக்குப் பேப்பர் இருக்கிறதா என்று கேட்கத்தான் வந்திருந்தார்.

எதிர் அறை, செவிலியர்கள் எல்லாருக்கும் மேலதிகாரியான நர்சிங் சூப்பரின்டெண்டன்ட்டுடையது என்பது அப்புறம்தான் உறைத்தது. காலையில் என் அறைக்குள் ஒருத்தி நுழைந்தால், "அவளுக்கு ஏதோ பிரச்சினையாம்" என்ற பேச்சு மதியத்துக்குள் கேண்டீன் வரை போய்விடும். யார் வருவார்கள்? பலகையைக் கழற்றச் சொல்லிவிட்டு, நைட் டூட்டி நேரத்தில் நானே வார்டுகளுக்குப் போகத் தொடங்கினேன். விடியற்காலை மூன்று மணிக்கு வார்டு கொஞ்சம் அடங்கும். பிளாஸ்க்கில் டீயோடு போய் ஓரமாக உட்கார்ந்தால் பேச்சு தானாக வரும்.

ஆண்கள் வார்டில் ஒரு சிஸ்டர். கேஸ் ஷீட்டிலிருந்து தலை நிமிராமலே கேட்டார். "நாலாம் பெட் தாத்தா பத்து மணிக்கு எக்ஸ்பயர் ஆயிட்டார் மேடம். பதினஞ்சு நாள் நான் பார்த்தவர். அழுகையே வரல. அடுத்த அட்மிஷனுக்குள்ள பெட்டை ரெடி பண்ணணுமேன்னுதான் தோணுச்சு. நான் கல்லாயிட்டேனா?"

உளவியலாளர்கள் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 1981-இல் வெளியிட்ட அளவுகோல் பணிச்சோர்வை மூன்றாகப் பார்க்கிறது: மனம் வற்றிப்போவது, எதிரிலிருப்பவர் மனிதர் என்ற ஒட்டுதல் அறுந்துபோவது, செய்கிற வேலையால் பயனில்லை என்று தோன்றுவது. சிஸ்டர் சொன்னது இரண்டாவது. "இது உங்க குணம் இல்லம்மா, களைப்பு" என்றேன். அவர் முழுசாக நம்பியதாகத் தெரியவில்லை.

பணிச்சோர்வு நோயல்ல, வேலையிடம் சார்ந்த நிலை என்று 2019-இல் உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்தியது. அப்படியென்றால் சிஸ்டருக்கு மூச்சுப் பயிற்சி சொல்லித்தருவதோடு என் வேலை முடியாது. பொது மருத்துவமனையில் ஐந்து நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. அன்றிரவு அந்த வார்டில் இருபத்திரண்டு பேருக்கு அவர் ஒருவர். முந்தின நாள் டபுள் டூட்டி வேறு.

யார் பெயரையும் சொல்லாமல், யாருக்கு எப்போது டூட்டி என்ற ரோஸ்டரை மட்டும் எடுத்துக்கொண்டு எதிர் அறைக்குப் போனேன். முதலில் கிடைத்தது யோகா வகுப்பு! மதியம் இரண்டு மணிக்கு, அதாவது மார்னிங் ஷிப்ட் முடித்தவர்கள் பிள்ளையைக் கூப்பிட பஸ்ஸுக்கு ஓடுகிற நேரத்தில். இரண்டு நாளில் நின்றுபோனது. மூன்று மாதம் நச்சரித்த பிறகு ஒரு விஷயம் நடந்தது. வார்டில் மரணம் நேர்ந்தால், பார்த்துக்கொண்டிருந்த சிஸ்டருக்கு அரை மணி நேரம் ஓய்வு. அதுவரை பக்கத்து வார்டிலிருந்து ஒருவர் வருவார்.

டபுள் டூட்டி மட்டும் போகவில்லை. அடுத்த மாத ரோஸ்டர் நேற்று ஒட்டினார்கள். ஏழு இடத்தில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை மறுபடி எதிர் அறைக்குப் போக வேண்டும்.