ஆடிட்டரும் அமாவாசையும் அஞ்சு லட்சமும்

ஹனோயில் ஒரு ஹாஸ்டலின் மேல் பங்க்கில் படுத்துக்கொண்டு இதை டைப் அடிக்கிறேன். கீழ் பங்க்கில் நம்ம சிநேகிதன் ஆடிட்டர். குறட்டை வழக்கம்போல டீசல் மோட்டார். எதிர்க் கட்டில் ஐரோப்பியப் பையன் ரெண்டு தடவை எழுந்து என்னைப் பார்த்தான். "எனக்கு முப்பது வருஷமா பழகிடுச்சு தம்பி" என்று எந்த மொழியில் சொல்வது?

நாப்பத்தி மூணு வயசில் பேக்பேக்கிங் என்றதும் எங்க வீட்டில் கேட்டது ஒரே கேள்விதான்: "மூட்டை தூக்கணும்னா மாட்டுத்தாவணில தூக்கக் கூடாதா, அதுக்கு வியட்நாம் வரைக்கும் போகணுமா?" ஆடிட்டர் அதற்கெல்லாம் அசரவில்லை. அக்கா மகனிடம் கடன் வாங்கிய பை, அதில் பாதி முறுக்கும் பருப்புப்பொடியும். மீதிப் பாதி பயணத்தின் பட்ஜெட், எக்செல் ஷீட்டில், பிரிண்ட் எடுத்து, ரெண்டு காப்பி.

கோலாலம்பூர் மாறி காலையில் நொய் பாய் ஏர்போர்ட்டில் இறங்கினோம். டாக்ஸியா? ஆடிட்டர் இருக்கும்போதா? 86-ஆம் நம்பர் ஆரஞ்சு பஸ்ஸில் ஆளுக்கு 45,000 டாங் கொடுத்து ஊருக்குள் வந்து சேர்ந்தோம். நம்ம ஒரு ரூபாய்க்கு 300 டாங் சுமாராக வருகிறது. ஏர்போர்ட்டில் காசு மாற்றியதிலிருந்தே ஆடிட்டரின் நடை மாறிவிட்டது. "மாப்ள, நான் இப்ப கோடீஸ்வரன்டா" என்றான். அந்தக் கோடியை வைத்து இந்த ஊரில் என்ன செய்யலாம் என்பது மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது.

ஹாஸ்டலில் ரெண்டு மணிக்கு முன்னால் ரூம் கிடையாது என்றார்கள். பைகளைப் போட்டுவிட்டு பழைய ஹனோய் தெருக்களில் இறங்கினோம். இங்கே தெருப் பேரெல்லாம் 'ஹாங்' என்றுதான் ஆரம்பிக்கிறது. ஹாங் என்றால் சரக்கு. ஹாங் பாக் வெள்ளித் தெரு, ஹாங் மா காகிதச் சாமான் தெரு. நம்ம வெண்கலக்கடைத் தெரு, வளையல்காரத் தெரு கணக்குத்தான். "ஹாஸ்டல் எந்தத் தெருடா?" என்றேன். "ஹாங்... என்னமோ" என்றான். மதுரைக்கு வந்து ஆட்டோக்காரரிடம் "எங்க ரூம் ஏதோ ஒரு தெருவுல இருக்குண்ணே" என்று சொன்ன மாதிரி.

ஹனோயில் ரோடு கிராஸ் பண்ணுவது எப்படி என்று ஆடிட்டர் வீட்டில் உட்கார்ந்து பதினோரு வீடியோ பார்த்திருந்தான். பைக்குகள் ஆடிக் காற்றில் மணல் வருகிற மாதிரி வருகின்றன, உண்மைதான். ஆனால் கோரிப்பாளையத்தில் வளர்ந்தவனுக்கு இது ஒரு விஷயமா? ஒரே வித்தியாசம், நாம் கையைக் காட்டிவிட்டு ஓடுவோம், இங்கே ஓடக்கூடாது. ஒரே சீராக, கல்யாண வீட்டில் மாப்பிள்ளை நடக்கிற மாதிரி நடந்தால் பைக்குகள் ரெண்டு பக்கமும் ஒதுங்கிப் போய்விடும். மூணாவது ரோட்டில் திரும்பிப் பார்த்தால் எங்கள் பின்னால் ஏழெட்டு வெள்ளைக்காரர்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். ஆடிட்டர் முன்னால் போய் டிராபிக் போலீஸ் மாதிரி அவர்களைக் கரை சேர்த்துவிட்டான். ஒரு பாட்டி அவனுக்கு நன்றி வேறு சொன்னார். அந்த மிதப்பில்தான் அடுத்தது நடந்தது.

எள் ஒட்டிய பொரித்த உருண்டைகளைக் கூடையில் வைத்து ஒரு அம்மா விற்றுக்கொண்டு வந்தார். ஆறு உருண்டை 20,000 டாங். ஆடிட்டர் பேரம் பேசவில்லை, கோடீஸ்வரன் அல்லவா. நீல நோட்டு ஒன்றை உருவிக் கொடுத்தான், அந்த அம்மாவும் சிரித்துக்கொண்டே போய்விட்டார். நாலாவது உருண்டையை வாயில் போட்டபோதுதான் அவன் முகம் மாறியது. இருபதாயிரமும் நீலம். அஞ்சு லட்சமும் நீலம். ரெண்டும் பிளாஸ்டிக், ரெண்டிலும் அதே ஹோ சி மின் தாத்தா. இருபத்தி அஞ்சு மடங்கு வித்தியாசத்தை ஒரே ஒரு கூடுதல் சைபர் ஓரத்தில் நின்று சொல்லிக்கொண்டிருக்கிறது, அதை யார் பார்க்கிறார்கள்?

ஊரில் ஒரு கம்பெனி வவுச்சரில் 12 ரூபாய் உதைக்கிறது என்று ராத்திரி பதினோரு மணி வரை அக்கவுண்டன்ட்டை உட்கார வைத்தவன் இவன். திரும்பி ஓடினோம். எந்த ஹாங்கில் வாங்கினோம் என்று தெரிந்தால்தானே! நம்ம காசுக்கு 1,700 ரூபாய் சுமார். மிச்சம் இருந்த ரெண்டு உருண்டையை அவன் தின்னவும் இல்லை, எனக்குத் தரவும் இல்லை. டிஷ்யூ பேப்பரில் பொதிந்து பையில் வைத்துக்கொண்டான், சாட்சிப் பொருள் மாதிரி.

மனசு ஆறட்டும் என்று ஹோவான் கியெம் ஏரிக்குக் கூட்டிப்போனேன். அது என் தப்பு. அந்தப் பேருக்கே 'திருப்பிக் கொடுத்த வாள்' என்றுதான் அர்த்தம். 15-ஆம் நூற்றாண்டில் லே லோய் என்ற ராஜா, சீனர்களை விரட்ட உதவிய தெய்வ வாளை இந்த ஏரியில் ஒரு ஆமையிடம் திருப்பிக் கொடுத்தாராம். நான் இதைச் சொல்லி முடிக்கவில்லை, "ராஜா வாளையே திருப்பிக் குடுத்திருக்காரு, இந்தம்மா பாக்கி நாலு லட்சத்து எண்பதாயிரத்தைக் குடுக்கக் கூடாதா?" என்று ஆரம்பித்துவிட்டான். சிவப்புப் பாலம் தாண்டி ங்கோக் சோன் கோயிலுக்குள் போனால், 2016-இல் செத்துப்போன அந்த ஏரியின் ராட்சச ஆமையைப் பாடம் பண்ணி கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். ஆடிட்டர் அதையே ரொம்ப நேரம் பார்த்தான். "ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு எங்க அப்பா சொல்லுவாரு. ஆமை இருக்குற ஊருக்கே நாம வந்து புகுந்திருக்கோம்" என்றான்.

பசி. நூடுல்ஸ் சூப்பான ஃபோ, பன்றிக்கறி சுட்டுப் போடும் பூன் சா என்று அவன் ஒரு மாசமாகப் போட்டு வைத்திருந்த லிஸ்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, "முதல்ல ஒரு டீ குடிச்சாத்தான் தலை நிக்கும்" என்றான். ஒரு சந்தில் போர்டு: சி, எச், ஏ, ஒய். சாய்! யாரோ வடக்கத்திக்காரர் கடை போட்டிருக்கிறார் போல. உள்ளே போய் குட்டி பிளாஸ்டிக் ஸ்டூலில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்து, "டூ சாய்" என்று ரெண்டு விரலைக் காட்டினோம்.

ரெண்டு தட்டு வந்தது. சோறு, கீரை, பொரித்த இறால், தோலோடு வதக்கிய பன்றிக்கறி, முழுசாக ஒரு மீன் துண்டு. "டீ கேட்டா கறிச்சோறே குடுக்கிறான், நல்ல ஊரா இருக்கே" என்று ஆடிட்டர் முதல்முறையாகச் சிரித்தான். இறாலைக் கடித்தான், நிறுத்தினான். "மாப்ள, இறால்ல இறால் இல்லடா." பரிமாறிய பொண்ணு எங்கள் முழியைப் பார்த்துவிட்டு போனில் ஏதோ தட்டி மொழிபெயர்த்துக் காட்டியது: மாமிசம் இல்லை. இன்று மாதத்தின் முதல் நாள். நிலா இல்லாத நாள். எல்லாரும் சைவம்.

இங்கே சாய் என்றால் சைவம். தட்டில் இருந்தது முழுக்க சோயாவும் கோதுமைப் பசையும். நிலாக் கணக்கில் வரும் மாசப் பிறப்பும் பௌர்ணமியும் இவர்களுக்குச் சைவ நாள். கூட்டமாக இருந்ததற்குக் காரணம் அதுதான்.

"நிலா இல்லாத நாளா?" ஆடிட்டர் ஸ்பூனைக் கீழே வைத்தான். "இன்னைக்கு அமாவாசையாடா?"

சரியாக அப்போது அவன் அம்மாவிடமிருந்து வீடியோ கால். இங்கே ஒண்ணரை, அங்கே பன்னிரண்டு. "காக்கா வந்து எடுத்திருச்சுப்பா. உங்க அப்பா போயி ரெண்டு வருஷத்துல ஒரு அமாவாசைகூட நீ நெனப்பு வச்சதில்ல, இன்னைக்காவது கறி கிறி..." சொல்லிக்கொண்டே இருந்தவர் நிறுத்தினார். ஆடிட்டர் போனைத் தட்டுக்கு நேராகப் பிடித்திருந்தான்.

"அம்மா, இது இறால் இல்லம்மா. பாக்கத்தான் இறால் மாதிரி..."

"வாலு தெரியுது."

"அது கோதுமை வாலும்மா!"

கால் கட். பத்தே நிமிஷத்தில் எங்க வீட்டிலிருந்து எனக்கு மெசேஜ்: "ரெண்டு பேரும் அமாவாசையும் அதுவுமா பன்னி தின்னுக்கிட்டிருக்கீங்களாமே?" முப்பது வருஷத்தில் அவன் ஒழுங்காக இருந்த ஒரே அமாவாசை இது. அதுவும் டீ குடிக்கப் போன இடத்தில்.

வெளியே வந்தோம். டீ கிடைக்கவே இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். பக்கத்து வீட்டு வாசலில் ஒரு பாட்டி, தகர டப்பாவில் தீ மூட்டி, கட்டுக் கட்டாக விளையாட்டு டாலர் நோட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார். செத்துப்போனவர்களுக்கு அனுப்புகிறார்களாம். அச்சு அசல் நூறு டாலர் மாதிரியே இருக்கிறது. ஆடிட்டர் கிட்டே போய் நின்றான். பாட்டி நிமிர்ந்து பார்த்தார். என்ன புரிந்ததோ, கட்டிலிருந்து ரெண்டு நோட்டை உருவி நீட்டினார்.

அவன் உடனே போடவில்லை. முன்பக்கம் பார்த்தான், திருப்பிப் பின்பக்கம் பார்த்தான், சைபர்களை விரல் வைத்து எண்ணினான். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்துவிட்டு, அப்புறம்தான் குனிந்து தீயில் வைத்தான்.