600 மி.மீ. லென்ஸில் பறவையின் கண் தெளியும் வரை

தொலைவில் இருப்பதை அருகில் காட்டும் 600 மி.மீ. லென்ஸ் கைக்கு வந்த முதல் மூன்று மாதங்களில் நான் எடுத்த பறவைப் படங்களில் பெரும்பாலானவை கேமராவின் சிறு திரையில் துல்லியமாகத் தெரிந்து, கணினியில் முழு அளவில் திறந்ததும் மங்கிப்போயின. குறை லென்ஸில்தான் என்று நம்பியிருந்தேன். பின்னர், மங்கலான ஒவ்வொரு படத்தையும் அழிப்பதற்கு முன் அது எவ்வாறு மங்கியிருக்கிறது என்று குறித்துவைக்கத் தொடங்கியபோதுதான், மங்கலிலும் பல வகை உண்டு என்பது புரிந்தது.

கிளையும் இலையும் பறவையும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் அது கை நடுக்கம். லென்ஸின் மி.மீ. எண்ணான குவியத் தூரத்துக்கு ஈடான ஷட்டர் வேகம் (ஒளி உள்ளே விழும் நேரம்) போதும் என்ற பழைய கணக்கின்படி 1/600 நொடியில் எடுத்துவந்தேன். என் கேமராவில் ஒளியைப் பதிவுசெய்யும் சென்சார், முழு அளவு சென்சாரைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி அளவுடையது என்பதால் அதை 1.5 மடங்காக்கி 1/900 நொடியாவது வைத்திருக்க வேண்டும். இப்போது அமர்ந்திருக்கும் பறவைக்கு 1/1000, பறக்கும் பறவைக்கு 1/2500. அதற்காக, ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 3200 வரை ஏறினாலும் தயங்குவதில்லை. அதனால் படத்தில் தோன்றும் புள்ளிகளான நாய்ஸைப் பின்னர் குறைத்துக்கொள்ளலாம், அசைவில் கரைந்த இறகை மீட்க வழியில்லை.

இரண்டாவது வகையை ஒரு மீன்கொத்தி காட்டிக்கொடுத்தது. 5 மீட்டர் தொலைவில் என்னை நேராகப் பார்த்து அமர்ந்திருந்த அதன் அலகு நுனியில் தொங்கிய நீர்த்துளி அத்தனை தெளிவாக இருந்தது. கண் மட்டும் மங்கல். அந்தத் தொலைவில், ஒளி நுழையும் துளை எஃப் 6.3 அளவில் இருக்கும்போது, தெளிவாக விழும் ஆழம் 2 செ.மீ. கூட இல்லை, அலகே அதைவிட நீளம். அன்றிலிருந்து மிகச் சிறிய ஃபோகஸ் புள்ளியைக் கண்ணின் மீதே நிறுத்தி, அசைவைப் பின்தொடரும் தொடர் ஃபோகஸில் மூன்று நான்கு படங்களாக எடுக்கிறேன். பறவை பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருக்கவும் பழகிக்கொண்டேன்.

என்னை அதிகம் அலைக்கழித்தது மூன்றாவது வகை. முற்பகல் வெயிலில், திறந்த சேற்றுப்பரப்புக்கு அப்பால் ஏறத்தாழ 60 மீட்டரில் நின்ற கொக்கை, கேமராவை ட்ரைபாடில் (முக்காலியில்) வைத்து 1/2000 நொடியில் எடுத்தும் ஒரு படமும் தேறவில்லை. அடுத்தடுத்த படங்களில் கழுத்தின் விளிம்பு வெவ்வேறு விதமாக நெளிந்திருந்தது. சூடேறிய தரைக்கு மேலே, அடர்த்தி மாறிக்கொண்டே இருக்கும் காற்று ஒளியை வளைப்பதால் வரும் கானல் அது. அதே வேளையில், நிழலில் 8 மீட்டரில் இருந்த சிட்டுக்குருவியை எடுத்துப் பார்த்தேன். மார்பின் இறகிழைகளை எண்ண முடிந்தது. லென்ஸ் மீதிருந்த சந்தேகம் அன்றோடு தீர்ந்தது. கானலுக்குக் கேமராவின் எந்த அமைப்பும் மருந்தாகாது. விடியற்காலையில் செல்வதும், தொலைவைக் குறைப்பதுமே வழி.

சென்ற வாரம் சூரியன் எழுந்த அரை மணி நேரத்துக்குள், கரையில் படுத்தபடி 10 மீட்டரில் உள்ளான் என்ற கரைப்பறவை ஒன்றை எடுத்தேன். அதன் கண்ணில் வானத்தின் வெளிச்சமும், அதற்குக் கீழே கரையின் இருண்ட கோடும் பிரிந்து தெரிகின்றன. பறக்கும் பறவைகளில் இன்னும் முப்பதுக்கு ஒன்றுதான் தேறுகிறது. அடுத்த மாதம் முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.